பனங்கூரைக்கு மர ஈரமானி உதவுமா? கச்சான் காற்றும் மாரியும் பார்த்த பிறகு ஒரு விமர்சனம்

வாங்கலாம். ஆனால் திரையில் வரும் எண்ணை அப்படியே நம்பி மறுநாளே கூரையைப் பிரிக்கிற ஆளாக இருந்தால் வேண்டாம். ஈரமானிக்கும் காசு போகும், தேவையில்லாமல் மாற்றிய மரத்துக்கும் காசு போகும்.

நான் சொல்வது மரத்தில் குத்திப் பார்க்கும் இரண்டு ஊசி ஈரமானியைப் பற்றி. கைக்குள் அடங்கும் மஞ்சள் பெட்டி, தலைப்பக்கம் இரண்டு கூரான ஊசி, அவற்றுக்கு ஒரு மூடி, சதுரமான 9 வோல்ட் பற்றரி. கூடவே காற்றின் ஈரத்தையும் வெப்பத்தையும் காட்டும் சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்றும் எடுத்தேன். இரண்டும் திருகோணமலை நகரத்துக்குள்ளேயே ஒரு ஹாட்வெயார் கடையில் வாங்கியவை. இந்தச் சாமான்கள் ஒரே மாதிரி உடம்போடு கடைக்குக் கடை வேறு பெயரில் வருகின்றன. அதனால் பெயர் எழுதவில்லை. மஞ்சளோ சிவப்போ, இரண்டு ஊசி இருந்தால் நான் சொல்வது பெரும்பாலும் பொருந்தும்.

எங்கள் வீடு உவர்மலையில். அப்பா கட்டியது. கள்ளிக்கோட்டை ஓடு, பனங்கைமரம் (முகட்டில் இருந்து சுவருக்குச் சரியும் மரம்), பனஞ்சலாகை (அதன் மேல் ஓட்டைத் தாங்கும் சட்டம்). முகட்டு வளையும் குறுக்கு வளைகளும் (வளை என்றால் உத்திரம்) மட்டும் முதிரை மரம். கீழே பலகைச் சீலிங். ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் ஒரு ஆள் குனிந்து போகலாம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது கொஞ்ச ஓடு நகர்ந்தது. மேசன் வந்து ஓட்டை மாற்றினார், காசு வாங்கினார், போனார். மரத்தை யாரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வயர் இழுக்க வந்த பிள்ளைகள் சீலிங் பலகையைத் திறந்ததும் பூஞ்சண மணம் முகத்தில் அடித்தது. குசினிப் பக்கச் சீலிங்கில் தேநீர் நிறத்தில் ஒரு கறை. இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் முழுக்கூரையையும் பிரிக்க வேண்டும் என்றார், மற்றவர் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்றார். இரண்டு பேரும் ஏணியில் நாலு படிக்கு மேல் ஏறவில்லை. எனக்கு நடுவில் ஒரு அளவு தேவைப்பட்டது, அதுதான் கதை.

கடையில் இதை எடுத்துத் தந்த பையன் மூடியைக் கழற்றி இரண்டு ஊசியையும் தன் உள்ளங்கையில் வைத்தான். எண் மளமளவென்று ஏறியது. “பாருங்கோ அன்ரி, வடிவா வேலை செய்யுது” என்றான். அதில் தெரிவது பற்றரி உயிரோடு இருக்கிறது என்பது மட்டும்தான். வேர்த்த கை எந்த ஈரமானியிலும் எண்ணை ஏற்றும். சில மொடல்களில் மூடியிலேயே இரண்டு உலோகப் புள்ளி இருக்கும். ஊசியை அதில் வைத்தால் கையேட்டில் சொன்ன எண் வர வேண்டும். அப்படியான மூடி உள்ளதைக் கேட்டு எடுத்தேன். இன்றும் ஏறுவதற்கு முதல் அதில் ஒருதரம் வைத்துப் பார்க்கிறேன்.

உள்ளே நடப்பது சிக்கலான விஷயம் இல்லை. காய்ந்த மரம் மின்சாரத்தை விடாது, ஈர மரம் விடும். இரண்டு ஊசிக்கும் இடையில் எவ்வளவு தடை என்று பார்த்து, அதை ஈர சதவீதமாக மாற்றிக் காட்டுகிறது. இந்தச் சதவீதம் மரத்தின் காய்ந்த எடையோடு ஒப்பிட்ட தண்ணீரின் எடை. காய்ந்த நிலையில் 100 கிராம் இருக்கும் துண்டு இப்போது 115 கிராம் என்றால் ஈரம் 15 சதவீதம். ஏழுக்குக் கீழே இந்த வகைக் கருவியால் சரியாக அளக்க முடியாது. அதேபோல மரநார் குடிக்கக்கூடிய தண்ணீரைக் குடித்து முடிக்கும் எல்லை 28, 30 சதவீதத்துக்குக் கிட்ட; அதைத் தாண்டிய எண்களும் சும்மாதான். பெட்டியில் 40, 50 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த உயரத்தில் அது சொல்லக்கூடியது “நனைந்திருக்கிறது” என்ற ஒரே ஒரு செய்தி.

எந்த எண்ணுக்குப் பயப்பட வேண்டும்? மரத்தை உக்கவைக்கும் பூஞ்சணத்துக்கு நல்ல ஈரம் வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே நிற்கும் மரத்தை அது தின்னாது. அது வசதியாகக் குடியேறுவது 26, 28 என்று நாட்கணக்கில் நிற்கும் மரத்தில். மேற்பரப்பில் கறுப்புப் புள்ளியாகவும் சாம்பல் பொடியாகவும் படரும் பூஞ்சணம் வேறு. சுற்றியுள்ள காற்று 80 சதவீதத்துக்கு மேல் ஈரமாக நீண்ட நாள் நின்றால் அதற்குப் போதும், மரம் முழுக்க ஊற வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் மணத்துக்குக் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டாவது ஆள். பார்வைக்குப் பயங்கரம், கூரையை விழுத்த மாட்டார்.

மரம் காற்றோடு ஒத்துப்போகும், ஆனால் மெதுவாக. திறந்து வைத்த பிஸ்கட் நமத்துப்போவது போல, காற்றில் ஈரம் கூடினால் இழுக்கும், குறைந்தால் விடும். காற்றின் ஈரம் 65 சதவீதத்தில் நீண்ட நாள் நின்றால் மரம் சுமார் 12இல் வந்து நிற்கும். 80 என்றால் 15, 16. 90 என்றால் 20ஐ நெருங்கும். இந்த மூன்று சோடியையும் முகட்டு வளையில் சோக்கால் எழுதி வைத்திருக்கிறேன். கச்சான் என்ற காய்ந்த தென்மேற்குக் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் மேலே ஏறிப் பார்த்தபோது முதிரை 10, 11 காட்டியது. கார்த்திகை, மார்கழியில் அதே இடம் 16. ஒழுக்கு எதுவும் இல்லாத இடத்திலேயே இவ்வளவு வித்தியாசம். ஆகவே மாரியில் ஒருதரம் ஏறி 17ஐப் பார்த்து “ஐயோ கூரை ஊறிவிட்டது” என்று யாரும் தலையில் கைவைக்கத் தேவையில்லை. வாடைக்காற்று காலத்தில் இந்தக் கரையில் காய்ந்த மரமே அந்த எண்ணில்தான் நிற்கும்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். குறை என்பதைவிட, கையேட்டில் பொடி எழுத்தில் போட்டுவிட்டுப் பெட்டியில் சொல்லாமல் விட்ட விஷயங்கள்.

இந்தக் கருவிகளின் அளவுகோல் பொதுவாக டக்ளஸ் ஃபிர் என்ற வட அமெரிக்க மரத்தை, 20 பாகை செல்சியஸ் போல குளிர்ந்த நிலையில் வைத்துச் செய்தது. எங்கள் முகட்டுக்குள் 20 பாகை எந்த மாதத்தில் வரும்? சூடான மரம் மின்சாரத்தை இன்னும் லேசாக விடும், அதனால் எண் கூடக் காட்டும். மரம் 35 பாகையில் இருந்தால் ஒன்றரை, இரண்டு சதவீதம் கழித்துப் பார்க்க வேண்டும். மத்தியானம் ஓட்டுக்குக் கீழே இன்னும் சூடு, இன்னும் பிழை. நான் விடியற்காலையில்தான் ஏறுவேன். அப்போது மரமும் ஆறியிருக்கும், நானும் அவியமாட்டேன். விலை கூடிய கருவிகளில் மரவகையையும் வெப்பத்தையும் தெரிவு செய்யலாம். என்னுடையதில் அது கிடையாது.

மரவகை என்றதும் எங்கள் தச்சர், ஓடாவி ஐயாவைச் சொல்ல வேண்டும். அப்பாவோடு வேலை செய்தவர், இப்போது கூரைக்கு ஏறுவதில்லை, முற்றத்துக் கதிரையில் இருந்து கட்டளை போடுவார். கருவியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பிள்ளை, இது பனைக்குச் செய்ததோ, பலகைக்குச் செய்ததோ?” என்று கேட்டார். கையேட்டில் நீளமான மரப்பட்டியல் இருந்தது. தேக்கு இருந்தது. பனை இல்லை, முதிரையும் இல்லை. பனை மற்ற மரம் போல வளையம் போட்டுப் பருப்பதில்லை. வெளிப்பக்கம் கறுப்பு நார்க்கட்டு நெருக்கமாக இருந்து கடினமான வைரமாகும், உட்பக்கம் சோறு என்று சொல்லும் மெத்தென்ற பகுதி. ஒரே கைமரத்தில் வைரப் பக்கம் குத்தினால் ஒரு எண், சோற்றுப் பக்கம் குத்தினால் வேறு எண். அதுவும் வைரத்தில் ஊசி இறங்கினால்தானே! அழுத்தினால் ஊசி வளைகிறது.

நான் ஓடருக்குக் கேக் அடிக்கிறவள். வீட்டில் கேக் வேகவைக்கும் அடுப்பு, அதாவது அவன் (oven), இருக்கிறது, அவனுக்குள் வைக்கும் வெப்பமானி இருக்கிறது, 0.1 கிராம் வரை காட்டும் தராசும் இருக்கிறது. மரத்தின் ஈரத்தை அளக்கும் ஆதிமுறைக்கு இவ்வளவும் காணும். கூரையோரத்தில் வெட்டி எறிந்த பனந்துண்டு ஒன்றை முதலில் ஊசியால் அளந்தேன். 17 சொன்னது. உடனே தராசில் நிறுத்து, அவனில் 103 பாகையில் வைத்து, எடை இனிக் குறையாது என்று நிற்கும் வரை காயவிட்டேன். போன தண்ணீரின் எடையைக் காய்ந்த எடையால் பிரித்தால் 14. அதாவது இந்தக் கருவி என் பனைக்கு மூன்று கூட்டிச் சொல்கிறது. முதிரைத் துண்டில் ஒன்றுதான் வித்தியாசம். இது என் வீட்டு மரத்துக்கு வந்த கணக்கு. உங்கள் வீட்டுப் பனைக்கு நாலாக இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். அவன் உள்ளவர்கள் ஒரு துண்டில் செய்து பாருங்கள். மருந்து அடித்த மரத்தை மட்டும் சாப்பாட்டு அவனுக்குள் வைக்க வேண்டாம். மரம் காயும்போது வீடு முழுக்க ஒரு பனங்கிழங்கு வாசம் வந்தது. அன்றைக்கு வந்த பிறந்தநாள் கேக் ஓடரைப் பக்கத்து வீட்டு அக்காவின் அவனில்தான் வேகவைத்தேன்.

அப்புறம் உப்பு. நகரம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம். ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் உட்துறைமுகம். காற்று எந்தப் பக்கம் இருந்து அடித்தாலும் உப்புத்தூவலோடு வரும். கூரையோரம் வெளியே நீட்டி நிற்கும் கைமர முனைகளில் அந்த உப்பு படிந்து, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து, மின்சாரத்துக்கு நல்ல பாதை போட்டுக் கொடுக்கிறது. கடல் பக்க முனைகளில் 23, 24 என்று காட்டியபோது எனக்கும் நெஞ்சு கொஞ்சம் இடித்தது. உளியால் மேற்பரப்பை மெல்லியதாகச் சீவிவிட்டு அதே இடத்தில் குத்தினேன். 17க்கு இறங்கியது. ஊசியின் உடம்பு முழுக்கத் திறந்த உலோகமாக இருந்தால், அது தொடும் படைகளில் எது அதிக ஈரமோ அதையே சொல்லும். உப்புத் தோலோ இரவுப் பனியோ மேலே இருந்தால் உள்ளே காய்ந்த மரமும் நனைந்த மரமாகத் தெரியும். கறையானுக்குப் போரன் உப்பு மருந்து பூசிய மரத்திலும் இதே கூத்து நடக்கும்.

இவ்வளவு குறை சொல்லியும் வாங்கலாம் என்று ஏன் எழுதினேன் என்றால், ஒரு இடத்தை இன்னொரு இடத்தோடு ஒப்பிடுவதில் இந்தப் பெட்டி கெட்டி. எண் மூன்று கூட இருக்கட்டும், ஒரே வகை மரத்தில் ஒரே பக்கமாகக் குத்தினால் எல்லா இடத்திலும் மூன்று கூடத்தானே இருக்கும்.

குசினிக் கறையை எடுத்துக்கொள்ளுங்கள். கறைக்கு நேர்மேலே உள்ள ஓட்டை மேசன் ஏற்கனவே ஒருதரம் மாற்றியிருந்தார். கறை நிற்கவில்லை. மார்கழி மழைக்கு மறுநாள் காலை ஏறி, கறைக்கு மேலே உள்ள கைமரத்தைக் கீழிருந்து மேலாக ஒரு முழம் விட்டு ஒரு முழம் குத்திக்கொண்டு போனேன். பக்கத்துக் கைமரங்கள் எல்லாம் 18, 19. இது 25, 26 என்று மேலேயும் தொடர்ந்தது. இரண்டு கூரை சேரும் பள்ளத்தில் போட்ட தகரம் வரைக்கும் அப்படியே போய், அதைத் தாண்டியதும் 18க்கு விழுந்தது. தகரத்தின் மடிப்பு ஆணி அடித்த இடத்தில் துருப்பிடித்து ஓட்டை. தண்ணீர் அங்கே இறங்கி, கைமரத்தின் அடிப்பக்கம் பிடித்து வழிந்து, கறை உள்ள இடத்துக்கு வந்து சொட்டியிருக்கிறது. கண்ணுக்கு எந்த வழித்தடமும் தெரியவில்லை, கறுத்த பனையில் தெரியவும் தெரியாது. தகரத்தை மாற்றினோம். இந்த ஒரு வேலைக்கே கருவியின் விலை எனக்குக் கழிந்துவிட்டது.

ஒரே இடத்தை ஒவ்வொரு பருவத்திலும் அளக்க வேண்டும் என்பதற்காக ஒரு ஏற்பாடு செய்தேன். துருப்பிடிக்காத எவர்சில்வர் திருகாணி இரண்டை, ஊசிகளுக்கு இடையில் உள்ள தூரத்திலேயே கைமரத்தில் இறக்கிவிட்டேன். இப்போது ஊசியைத் திருகாணித் தலைகளில் தொட்டால் காணும். பனை வைரத்தோடு மல்லுக்கட்டத் தேவையில்லை, ஊசியும் வளையாது. முகடு, நடுப்பகுதி, கைமரம் சுவரில் உட்காரும் முனை என்று சில இடங்களில் போட்டிருக்கிறேன். சுவரில் உட்காரும் முனையைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். வெட்டுமுகம் வழியாக மரம் தண்ணீரை நீளவாக்கில் விரைவாக இழுக்கும், சுவரின் ஈரமும் அங்கே சேரும், காற்றும் குறைவு. பழைய கூரைகள் முதலில் உக்குவது அங்கேதான்.

காற்று ஈரமானியைப் பற்றி. வாங்கியதும் ஒருதரம் சோதித்துவிடுங்கள், செலவில்லை. ஒரு போத்தல் மூடியில் சுத்தமான தூள் உப்பைப் போட்டு, சேறு போல வரும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, ஈரமானியையும் அந்த மூடியையும் காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைத்து மூடி, இரவு முழுக்க விடுங்கள். எங்கள் வெப்பநிலையில் அதற்குள் 75 சதவீதம்தான் வர வேண்டும். என்னுடையது 79 காட்டியது. நாலு கழித்துப் படிக்கிறேன், அவ்வளவுதான். கல்லுப்பு போட வேண்டாம். கடலுப்பில் மக்னீசியம் கலந்திருந்தால் கணக்கு கீழே போகும்.

இதில் கூடிய அளவையும் குறைந்த அளவையும் நினைவில் வைக்கும் மொடலைத்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் முகட்டுக்குள் ஒரே நாளில் எண் தலைகீழாக மாறும். காலை 30 பாகையில் 75 சதவீதம் ஈரமுள்ள காற்று ஓட்டுக்குக் கீழே 42 பாகைக்குச் சூடானால், ஒரு துளி தண்ணீரும் குறையாமலேயே 40 சதவீதம் அளவில் காட்டும். அதே காற்றை 25 பாகைக்கு ஆறவிட்டால் 100 சதவீதம், அதற்குப் பிறகு பனிக்கும். மத்தியானம் பார்த்தவர் முகடு காய்ந்து கிடக்கிறது என்பார். விடியற்காலை பார்த்தவர் சதுப்புநிலம் என்பார். மரம் இரண்டுக்கும் நடுவில் தன்பாட்டில் நிற்கும். அதனால் காற்றை அளக்கும் கருவியை மட்டும் வாங்கி, மரத்தை அளக்கும் ஊசியை விட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒன்றுதான் வாங்க வசதி என்றால் ஊசியை வாங்குங்கள். காற்று ஈரமானியின் திரை வெயில் காலத்தில் மத்தியானங்களில் கறுத்துப்போய் பின்னேரம் திரும்பி வருகிறது.

தகரச் சீற் போட்ட வீட்டுக்காரருக்கு இந்தப் பனிப்புக் கணக்கு ஓட்டு வீட்டைவிட முக்கியம். வானம் வெளித்த இரவில் தகரம் சுற்றியுள்ள காற்றைவிடவும் ஆறிப்போகும். அடிப்பக்கம் தண்ணீர் முத்துமுத்தாகப் பிடித்து சலாகையில் சொட்டும். மழையே இல்லாத மாசி மாதத்தில் “கூரை ஒழுகுது” என்று தேடுபவர்கள் இதைத்தான் தேடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் குளியலறைக் காற்றாடியின் குழாய் சீலிங்குக்கு மேலே திறந்தபடி விடப்பட்டிருந்தது. போட்டவர் வெளியே கொண்டுபோகும் சிரமத்தை எடுக்கவில்லை. அந்த இடத்துக் கைமரம் கச்சான் காலத்திலும் 19 காட்டியது, மற்ற இடமெல்லாம் 13. குழாயைச் சுவர் வழியாக வெளியே திருப்பியதும் அடுத்த கோடையில் அதுவும் 13க்கு வந்துவிட்டது. இரண்டு முகப்புச் சுவரிலும் அப்பா விட்ட காற்றுத் துவாரங்கள் இருந்தன, ஆனால் வௌவாலுக்குப் பயந்து யாரோ பலகை அடித்திருந்தார்கள். பலகையைக் கழற்றி, நெருக்கமான கம்பிவலை போட்டேன். அமெரிக்கக் கட்டட விதிகளில் சீலிங் பரப்பில் 150இல் ஒரு பங்கு காற்றுத் துவாரம் வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது, சில நிபந்தனைகளோடு 300இல் ஒரு பங்கும் போதும். நான் அதைக் கணக்குக்கு வைத்துப் பார்த்தேன், வேதமாக எடுக்கவில்லை. அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளிருந்து ஏறும் ஈரத்தை வெளியே தள்ளுவது பிரச்சினை. இங்கே மாரியில் வெளிக்காற்றே ஊறிப்போய் இருக்கும். துவாரத்தைப் பெருக்கினால் அந்தக் காற்றுதான் உள்ளே வரும். ஓட்டு இடுக்கு வழியாகவே நிறையக் காற்று போய்வருகிறது வேறு. எங்களைக் காப்பாற்றுவது கச்சான். அந்த மாதங்களில் முகடு வடிவாகக் காய்ந்துவிட வேண்டும், அதற்குத் துவாரம் திறந்திருந்தால் காணும்.

சிலர் அலுமாரிக்குள் வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாவைச் சீலிங்குக்கு மேலே வைக்கிறார்கள். திறந்த கூரையில் அது திருகோணமலைக் காற்று முழுவதையும் காயவைக்கப் பார்க்கிறது. அந்தக் காசுக்கு உடைந்த ஓடு இரண்டை மாற்றலாம். எங்கள் பக்கம் குரங்குகள் ஓட்டில் ஓடிப் பிடித்து விளையாடுவதால் அது தீராத செலவு.

கறையானைப் பற்றி இந்தக் கருவி ஒன்றும் சொல்லாது. காய்ந்த மரத்துக்குள்ளேயே வாழும் கறையான் வகை இருக்கிறது, அதற்கு மண்ணோடு தொடர்பும் வேண்டாம், ஒழுக்கும் வேண்டாம். 11 காட்டும் மரத்துக்குள்ளும் அது நிம்மதியாகக் குடியிருக்கும். சீலிங் பலகையில் மணல் போலச் சின்னச் சின்ன உருண்டைகள் விழுந்து கிடந்தால் அதுதான் ஆள். அதற்கு ஓடாவி ஐயாவின் முறையே சரி: திருப்புளியின் பிடியால் தட்டிச் சத்தம் கேட்பது, கூர்ப்பக்கத்தால் குத்திப் பார்ப்பது. வெள்ளித்தாள் ஒட்டிய கூரைகளில் ஊசி தாளைத் தொட்டால் எண் உச்சிக்குப் போகும், அதையும் ஈரமாக எடுக்க வேண்டாம். சுவர், சாந்து அளக்கவும் ஒரு பொத்தான் இருக்கிறது. இரண்டு சுவரை ஒப்பிட உதவும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அஸ்பெஸ்டஸ் சீற் போட்டவர்கள் சலாகையை மட்டும் அளந்து பாருங்கள். காற்றுத் துவாரம் வைக்கிறேன் என்று சீற்றைத் துளைக்கவோ அறுக்கவோ வேண்டாம், அந்தத் தூள் நெஞ்சுக்குக் கூடாது.

சாமானின் தரம் என்று பார்த்தால் பெட்டி பலம், ஒருதரம் குறுக்கு வளையில் இருந்து சீலிங்கில் விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை. திரைக்கு வெளிச்சம் இருப்பது பெரிய உதவி, ஒரு கையில் டோர்ச் பிடித்தபடி மறுகையால் குத்த வேண்டியிருக்கிறது. எண்ணை உறையவைத்துக் காட்டும் பொத்தானும் உண்டு, குனிந்து பார்க்க முடியாத மூலைகளில் அது இல்லாமல் முடியாது. கையேடு சீனத்திலும் அரைகுறை ஆங்கிலத்திலும். ஊசிகள்தான் மட்டம்: இந்தக் கடற்காற்றில் ஒரு மாரிக்குள் துரு ஏறத் தொடங்கியது. துருப்பிடித்த ஊசி எண்ணைக் குறைத்துக் காட்டக்கூடும். மெல்லிய அரத்தாளால் துடைத்து, மூடிக்குள் வைக்கும்போது சமையல் எண்ணெய் ஒரு துளி தடவுகிறேன், அளக்கப் போகும்போது துடைத்துவிடுவேன்.

ஓட்டு வீடு வைத்திருப்பவர்கள், பழைய வீடு வாங்கப் பார்ப்பவர்கள், நிலாவெளிப் பக்கம் மரக் கபானா கட்டி வாடகைக்கு விடுபவர்கள் வாங்கலாம். வாங்கினால் ஒரு கோடை, ஒரு மாரி இரண்டிலும் ஏறிப் பாருங்கள். ஒரு பருவத்து எண்ணை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. மொட்டைமாடி வீட்டுக்காரருக்குத் தேவையில்லை. மர ஆலையில் பலகை வாங்கப் போகும்போது கொண்டுபோகலாம், ஆனால் பலகையின் வெட்டுமுகத்தில் குத்தாதீர்கள். அந்த முனை முதலில் காய்ந்திருக்கும், நடுப்பகுதி இன்னும் பச்சையாக இருக்கும்.

ஊசி ஈரமானிக்கு நாலாயிரம் ரூபாவுக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தேன், காற்று ஈரமானி அதில் பாதிகூட இல்லை. ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் ஊசிக்கு, மூன்று மற்றதற்கு. கடைக்குப் போனால் மூடிச் சோதனை உள்ள மொடலா என்று கேளுங்கள், பெட்டிக்குள் மாற்று ஊசி சோடி இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். எனக்குக் கிடைத்த பெட்டியில் அந்தப் பொலித்தீன் பை வெறுமையாக இருந்தது. திருப்பிக் கொண்டுபோனதும் பேச்சில்லாமல் வேறொரு பெட்டியில் இருந்து எடுத்துத் தந்தார்கள். அந்தப் பெட்டியை யார் வாங்கினாரோ தெரியாது.